பெரியம்மாவின் மரவள்ளியும் நான் பிழையாகக் கற்பித்த பாடமும்

வத்தளையில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டுப் பின்வளவில் 11 மரவள்ளிச் செடிகள் நிற்கின்றன. வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் குடியிருந்து, கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றுக்கு மேல் வைக்க இடமில்லாத எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அந்தச் சில பேர்ச் மண்ணில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வருவது பெரிய ஆறுதல். ஒழுங்கையின் எதிர்வீட்டு அம்மா தன் வளவில் கிழங்கு கிண்டியபோது மிஞ்சிய தடிகளைக் கொடுத்திருந்தார். பெரியம்மா அவற்றை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி நட்டிருந்தார். இரண்டாம் மாதம் நான் போனபோது ஏழு செடிகளின் குருத்திலைகள் வழமையான நிறத்தில் இருக்கவில்லை. மஞ்சளும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடந்தன. விரல்களைப் போலப் பிரியும் இலைமடல்களில் இரண்டு மூன்று ஒரு பக்கமாக முறுகிச் சுருங்கியிருந்தன. “மண்ணில சத்துக் காணாது பிள்ளை, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் போட்டாச் சரி” என்றார் பெரியம்மா.

ஒரு இலையைப் புரட்டிக் கைவில்லையை வைத்துப் பார்த்தேன். நரம்புகளின் ஓரமாக, ஒரு மில்லிமீற்றர் அளவில், கூரை போல மடித்த வெண்ணிறச் சிறகுகளுடன் வெண் ஈக்கள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் மெழுகுத் துளி தெறித்து உறைந்ததைப் போல அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தவை அவற்றின் குஞ்சுப் பருவங்கள். தண்டை மெதுவாக அசைத்தவுடன் சாம்பல் ஊதிவிட்டதைப் போல வெண் ஈக்கள் எழும்பிப் பறந்து, சிறிது நேரத்தில் அதே இலைகளுக்கே திரும்பி வந்து அமர்ந்தன. குறை மண்ணில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இது மரவள்ளியின் சித்திரவடிவ நோய், அதாவது மொசைக். அதை உண்டாக்கும் வைரசுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் இலங்கை மரவள்ளி மொசைக் வைரசு.

உயர்தர மாணவர்களுக்குத் தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்பிப்பது என் தொழில். பல வருடங்களாக இந்த நோயை வகுப்பில் உதாரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர், அது இங்கே வந்தபோது தன் நோயையும் கூடவே கொண்டு வந்தது என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். அந்த வாரம் வத்தளை இலையின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது, பின்வரிசையில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, “மிஸ், தென்னமெரிக்காவில இண்டைக்கும் இந்த நோய் இருக்கோ?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். இல்லை. மரவள்ளியை மனிதர் முதன்முதல் பயிராக்கிய அமேசன் பகுதியிலோ, அதைச் சுற்றிய நாடுகளிலோ இந்தக் குடும்பத்து மரவள்ளி வைரசுகள் கிடையா. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே உள்ளன. அப்படியானால் நான் அத்தனை வருடமும் சொன்னது முழுப் பிழை. பயிர் வெளியிலிருந்து வந்தது. நோய் இங்கே பிறந்தது.

பிழையைத் திருத்தத் தேடத் தொடங்கி, நான் கற்பிக்கும் பாடத்தையே மறுபடி கற்றுக்கொண்டேன். எங்கள் பாடநூல்கள் அந்தப் பாடத்தைக் கூர்ப்பு என்று அழைக்கின்றன. தமிழ்நாட்டு வாசகர்கள் பரிணாமம் என்பார்கள். கூர்ப்பு என்ற சொல்லையே நான் அதிகம் விரும்புகிறேன். அரிவாளைக் கல்லில் தீட்டத் தீட்டக் கூர் ஏறுவதைப் போல, தலைமுறைக்குத் தலைமுறை தேர்வு என்னும் கல்லில் உரசப்படுவதை அந்தச் சொல் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அதைக் கற்பிக்கும்போது நாம் கலாப்பகசுத் தீவுகளின் குருவிகளையும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையும் காட்டுகிறோம். பிள்ளைகள் அதை எங்கோ, எப்போதோ நடந்து முடிந்த காரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். வத்தளை வளவில் நடப்பதும் அதுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி அந்த வைரசைப் பற்றி. அதன் துகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டு சிறு உருண்டைகள் ஒட்டிப் பிறந்ததைப் போல இருக்கும். அதனாலேயே இந்தக் குடும்பத்துக்கு இரட்டையர் என்று பொருள்படும் ஜெமினி வைரசுகள் என்ற பெயர் வந்தது. உள்ளே இருப்பது வளையமாக அமைந்த ஒற்றைப்பட்டு டி.என்.ஏ. மரவள்ளி வைரசில் அத்தகைய வளையங்கள் இரண்டு: ஏ என்றும் பீ என்றும் குறிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள் நீளமானது (டி.என்.ஏயில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதியியல் அலகுகளையே எழுத்துகள் என்கிறேன்). வைரசின் உறையைக் கட்டுவதற்கும் தன்னைப் பிரதிசெய்ய ஆயத்தம் செய்வதற்குமான கட்டளைகள் ஏ வளையத்தில் உள்ளன; தாவரத்தின் ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு நகர்வதற்கான கட்டளைகள் பீ வளையத்தில் உள்ளன. இரண்டும் தனித்தனித் துகள்களில் அடைக்கப்படுவதால், ஒரு செடியில் நோய் முழுமையாக எழுவதற்கு இரண்டு வகைத் துகள்களையும் வெண் ஈ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனிதர்கள் எழுதும் சில பக்கக் கடிதம் ஒன்றின் அளவே உள்ள இந்த எழுத்துகள் ஒரு நாட்டின் உணவுப் பயிரையே சாய்த்துவிடக் கூடியவை.

2002இல் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் நிலைய ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து இலங்கை வைரசையும் இந்திய மரவள்ளி மொசைக் வைரசையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். பீ வளையங்கள் இரண்டும் 94 வீதம் ஒத்திருந்தன. ஏ வளையங்களோ 84 வீதம் மட்டுமே ஒத்திருந்தன. இந்த இரண்டு எண்களையும் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்பதைச் சொல்ல எங்கள் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் ஏடுகளைப் பல வீடுகளிலிருந்து திரட்டி, பாடபேதங்களைக் குறித்து, எந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க முயன்றார்கள். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது அந்த வேலையின் அடிப்படை. இனி, ஒரு கட்டு ஏட்டின் முற்பாதி மற்றொரு கட்டோடு நூற்றுக்குப் பதினாறு எழுத்துகளில் வேறுபடுகிறது, பிற்பாதி ஆறு எழுத்துகளில் மட்டுமே வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கையால், ஒரே காலத்தில், ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்ட கட்டாக இருந்தால் அப்படி வராது. யாரோ ஒருவர் வேறொரு கட்டிலிருந்து பிற்பாதியை எடுத்து இதனோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். இலங்கை வைரசிலும் அதுவே நடந்திருக்கிறது என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு: ஏ வளையம் ஒரு காலத்தில் பீ வளையம் இல்லாமல் தனியாகவே வாழ்ந்த ஒரு வைரசு, அது பிறகு இந்திய மரவள்ளி வைரசிடமிருந்து பீ வளையத்தைத் தனதாக்கிக்கொண்டது.

எழுத்துகளை ஒப்பிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஏ வளையத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஆய்வுகூடங்களில் வளர்க்கும் ஒருவகைக் காட்டுப் புகையிலைக்குள் செலுத்தினார்கள். துணை இல்லாமலேயே அது செடி முழுவதும் பரவி இலைகளை மேல்நோக்கிச் சுருட்டியது. அடுத்து, தெருவோரங்களில் ஊதா நிறப் பூக்குஞ்சத்தோடு நிற்கும் அகெராட்டம் என்ற களையின் நோயிலிருந்து எடுத்த ஒரு சிறு துணை டி.என்.ஏயை அதனோடு சேர்த்துவிட்டபோது, மரவள்ளியின் வைரசு அந்தக் களையின் நரம்புகளை மஞ்சளாக்கியது. அதாவது, அந்த வைரசின் பழைய வாழ்க்கை இன்னும் அதற்கு முழுவதும் மறந்துபோகவில்லை. மரவள்ளிக்கு வருவதற்கு முன்னர் அது இத்தகைய புதர்களிலும் களைகளிலும் தனியாகத் திரிந்த வைரசாக இருந்திருக்க வேண்டும். (அகெராட்டமும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய செடிதான். ஆகவே எது முதல் வீடு என்ற கேள்வி அதற்கும் அப்பால் போகிறது.)

மரவள்ளி இலங்கைக்கு வந்தது 1786இல், ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராப் காலத்தில், மொரீசியசிலிருந்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஏறத்தாழ 240 வருடங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீளுவதற்கு அந்தக் காலம் ஒரு கண்ணிமைப்பொழுது. வைரசுக்கு அது தாராளம். இதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரசு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று 2008இல் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு ஒவ்வொரு 10,000 எழுத்துக்கும் ஏறத்தாழ மூன்று மாறுவதாக வந்தது. ஏறத்தாழ 2,800 எழுத்துள்ள வைரசுக்கு அது ஆண்டுக்கு ஓர் எழுத்துக்குக் கிட்டவாக வரும். டி.என்.ஏ வைரசுகள் மெதுவாகவே மாறும் என்று நான் படித்த காலத்தில் சொல்லித் தந்தார்கள். அதுவும் திருத்தப்பட வேண்டிய வரிதான்.

விகாரங்கள், அதாவது பிரதியெடுக்கும்போது நேரும் மாற்றங்கள், எழுத்து எழுத்தாகவே சேரும். இரண்டு வைரசுகளின் துண்டுகள் ஒன்றாகச் சேரும் மீள்சேர்க்கை பக்கம் பக்கமாகப் புரட்டிவிடும். 1990களில் உகண்டாவில் மரவள்ளித் தோட்டங்கள் மொசைக் நோயால் மாவட்டம் மாவட்டமாக அழிந்து, பல இடங்களில் விவசாயிகள் அந்தப் பயிரையே கைவிட்டார்கள். 1997இல் அந்த வைரசின் எழுத்துகளைப் படித்தபோது, கிழக்காபிரிக்க மரவள்ளி வைரசின் உறைப்புரதப் பரம்பரையலகின் (மரபணுவின்) நடுவில் மற்றோர் இனமான ஆபிரிக்க மரவள்ளி வைரசின் துண்டு செருகப்பட்டிருப்பது தெரிந்தது. இரண்டு வைரசுகளும் ஒரே செடியில், ஒரே கலத்தில் சந்தித்தால்தான் அப்படி நடக்க முடியும். நோயுற்ற தடியையே திரும்பத் திரும்ப வெட்டி நடும்போது, அந்தச் சந்திப்புக்கான வாய்ப்பை வருடத்துக்கு வருடம் நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம். விதையில் தொடங்கும் செடியானால் தாயின் வைரசு பெரும்பாலும் பின்னே நின்றுவிடும். தடியில் தொடங்கும் செடிக்கு அந்த விடுதலை கிடையாது.

பெரியம்மாவின் வளவில் மரவள்ளிக்கு அடுத்து ஒரு பப்பாசி நிற்கிறது. அதன் பக்கத்து வேலியில் பாகல் படர்ந்திருக்கிறது. அந்த இரண்டையும் நான் இனிமேல் தனித்தனியாகப் பார்க்க மாட்டேன். பப்பாசியின் தாயகமும் அமெரிக்காதான். பழத்தில் வளையம் வளையமாகத் தழும்பு விழுந்து, இலை நரம்புகள் மட்டும் மிஞ்சி, மரம் குறுகிப்போகும் வளையப்புள்ளி நோயை உண்டாக்கும் வைரசுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று வெள்ளரி, பாகல், புடலை முதலான கொடிகளில் வாழும், பப்பாசியைத் தொற்றாது. மற்றது இரண்டையும் தொற்றும். அவுஸ்திரேலியாவில் கொடிகளின் வடிவம் 1978இல் பதிவாகியது. பப்பாசியின் வடிவம் 1991இல் தலைகாட்டியது. எழுத்துகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பப்பாசி வைரசு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கவில்லை, அங்கே கொடிகளில் இருந்ததே மாறிவந்தது என்று முடிவுசெய்தார்கள். அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால், 2008இல் தாய்வான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தருகிறது: வைரசின் புரதங்களை வெட்டிப் பிரிக்கும் ஒரு நொதியத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால், பப்பாசியைத் தொற்றாத வைரசு அதைத் தொற்றத் தொடங்குகிறது. சுமார் 10,000 எழுத்துகளில் எழுதப்பட்ட வைரசில் ஓரிரு எழுத்தின் வித்தியாசம். வகுப்பில் இதைச் சொன்னபோது, சத்தமாக இருந்த அறை சற்று நேரம் அமைதியாகியது.

எல்லாப் பயிர்நோயும் இந்த வழியில்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். 1869இல் எங்கள் மலைநாட்டில் எழுந்த கோப்பித் துரு ஆபிரிக்கக் கோப்பி இனங்களோடு கூடவே வாழ்ந்து பழகிய பங்கசு. அது தன் பழைய விருந்துவழங்கியைப் பின்தொடர்ந்து கடல் கடந்தது. 1880இல் இங்கே வந்து இரண்டு வருடம் அதை ஆராய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வோர்ட், கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து வித்திகளைப் பிடித்து, இடைவெளியே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை விரித்தது என்று எழுதினார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. அதோடு மலையக மக்களின் வாழ்வும் திசைமாறியது. 2018இல் அம்பாறைச் சோளத்தில் தென்பட்ட படைப்புழுவும் அமெரிக்காவிலிருந்து ஆபிரிக்கா, இந்தியா வழியாகத் தன் சோளத்தைத் தேடி வந்ததுதான். வரும் வழி இரண்டு. நான் ஒரு வழியை மட்டுமே தெரிந்துவைத்துக்கொண்டு மற்றதை மாணவர்களிடமிருந்து மறைத்துவிட்டேன் என்பதே என் வருத்தம்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அதில் நாங்களே அனுப்புகிறோம். வாழையின் முடிக்கொத்து நோய் 1913இல் இலங்கையில் பதிவாகியது. 1940 அளவில் இங்கிருந்து போன வாழைக்குட்டிகளோடு அது கேரளத்துக்குச் சென்றது என்று இந்திய நூல்கள் எழுதுகின்றன. எங்கள் நாட்டின் பெயர் கொண்ட மரவள்ளி வைரசு 2015இல் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது, 2017இல் வியட்நாமின் தை நின் மாகாணத்தில், 2018இல் தாய்லாந்திலும் தென்சீனத்திலும். உலகச் சந்தைக்கு மிக அதிகமாக மரவள்ளி ஏற்றுமதி செய்யும் நாடு தாய்லாந்து. வெண் ஈ தன் சிறகால் அவ்வளவு தூரம் போகாது. லொறியில் ஏற்றிய தடிக்கட்டுகள் போகும். வத்தளை ஒழுங்கையில் எதிர்வீட்டு அம்மா அன்போடு கொடுத்த தடிகளும் அந்தப் பெரிய பயணத்தின் சிறிய வடிவம்தான். அதைச் சொல்லும்போது அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருடைய கை கொடுக்கும் கை.

நோய் உள்ளூரில் எழுந்ததென்றால் அதைத் தாங்கும் வலுவும் அருகிலேயே இருக்க வேண்டுமே என்று தேடினேன். மரவள்ளியில் அது ஆபிரிக்காவில் கிடைத்தது. மேற்காபிரிக்க விவசாயிகள் தலைமுறைகளாக நட்டுவந்த நாட்டு வகைகளில் இருந்த எதிர்ப்புப் பண்பு ஒன்றை இனவிருத்தியாளர்கள் பல வருடங்கள் பயன்படுத்தினார்கள், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 2022இல் அது வெளிப்பட்டது: மரவள்ளி தன் டி.என்.ஏயைப் பிரதிசெய்யும் நொதியத்தின் பரம்பரையலகில் நேர்ந்த விகாரங்களே அந்த எதிர்ப்பு. ஜெமினி வைரசிடம் சொந்தமாகப் பிரதிசெய்யும் நொதியம் கிடையாது. செடியின் நொதியத்தையே அது இரவல் வாங்குகிறது. செடியின் கருவி சற்றே மாறியிருந்தால், செடியின் வேலை நடக்கிறது, வைரசின் வேலை கெடுகிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. நோய் வந்த தோட்டத்தில் நின்று பிடித்த செடியிலிருந்து அடுத்த வருடத்துத் தடியை எடுத்த விவசாயிகளின் கைகளே அதைக் காப்பாற்றின.

நெல்லில் அந்த வலு எங்கள் வாசலிலேயே இருந்தது. கிளிநொச்சியில் வயல் செய்யும் என் மாமாவுக்கு அறக்கொட்டியான் என்றால் போதும், முகம் மாறிவிடும். தமிழ்நாட்டில் புகையான் என்பார்கள். கபில நிறத் தத்தி. கதிரின் அடித்தூரில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்ச, பச்சையாக நின்ற வயலின் நடுவில் வட்டம் வட்டமாகத் தீய்ந்த வைக்கோல் நிறம் விரியும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் இதற்கு எதிர்ப்புள்ள ஐ.ஆர் 26 என்ற இனத்தை வெளியிட்டது. இரண்டு மூன்று வருடங்களில் அந்த எதிர்ப்பைத் தாண்டும் தத்திகள் பெருகிவிட்டன. தமிழ்நாட்டு அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி 7 நெல்லில் அடையாளம் காணப்பட்டிருந்த இரண்டாவது பரம்பரையலகோடு 1976இல் ஐ.ஆர் 36 வந்தது. 1980களின் தொடக்கத்தில் அதற்கும் சில இடங்களில் தோல்வி. மூன்றாவது பரம்பரையலகு அடையாளம் காணப்பட்டது இலங்கையின் ரத்து ஹீனட்டியில், சிவந்த சிறுமணி கொண்ட பழைய நெல்லில். 2015இல் அந்த எதிர்ப்பின் மூலத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, கலமென்சவ்வில் காவலிருக்கும் மூன்று வாங்கிப் புரதங்களின் பரம்பரையலகுகள் அருகருகே கொத்தாக இருந்தன. முதலிரண்டும் தனித்தனிப் பூட்டுகள். இது மூன்று பூட்டுகளைச் சேர்த்துப் பூட்டிய கதவு. நீண்டகாலம் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பூட்டு இருந்தும் கதவை நாமே திறந்துவிடுவதும் உண்டு. அறக்கொட்டியானைக் கொல்ல அடிக்கும் மருந்து முதலில் கொல்வது அதைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும்தான். தூரின் அடியில் இருக்கும் தத்திகளில் தப்புபவை, எதிரி இல்லாத வயலில், மருந்துக்குத் தாங்கும் தன்மையோடு மறுபடி பெருகுகின்றன. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிநாசினிகளை ஒரே கட்டளையில் தடைசெய்தது இதனால்தான். மாமா போன சிறுபோகத்தில் மூன்று முறை அடித்தார். இரண்டாவது முறைக்குப் பிறகு தத்தி கூடியதே தவிரக் குறையவில்லை என்று தொலைபேசியில் சொன்னார், அடித்தது போதவில்லையோ என்றும் கேட்டார். நான் நீண்டநேரம் பேசினேன். கடன் வாங்கி விதைத்தவரின் பயம் கூர்ப்பைப் பற்றிய விளக்கத்தால் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் வயலுக்குள் இறங்கி, தூருக்கு எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி என்று எண்ணிவிட்டு அடுத்த முடிவை எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இதே தத்தி பரப்பும் புற்குட்டை வைரசு நோய்க்கு எதிர்ப்பைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைப் பரிசோதித்தபோது, பயன்தரும் எதிர்ப்பு கிடைத்தது ஒரேயொரு காட்டுநெல் மாதிரியில்: உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒறைசா நிவாராவில். 1974 முதல் வெளிவந்த ஐ.ஆர் இனங்கள் பலவற்றில் அந்தக் காட்டுநெல்லின் பரம்பரையலகு ஓடுகிறது. அதே இனம் இலங்கையிலும் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒறைசா றைசோமற்றிசு என்ற காட்டுநெல்லும் எங்கள் உலர்வலயத்தில் இருக்கிறது. அதை ஒரு தனி இனமாக விவரித்ததே 1990இல்தான். மாமா அதைப் பார்த்திருக்கக்கூடும், களை என்று பிடுங்கியும் இருக்கக்கூடும். குளக்கரையைத் துப்புரவு செய்து கற்பதிக்கும் திட்டங்களைப் பற்றி வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. கன்னொறுவையில் உள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிரறைகளில் விதைகள் பத்திரமாக இருக்கின்றன. அது பெரிய காரியம், ஆனால் குளிரறையில் இருக்கும் விதை அன்றைய நாளோடு நின்றுவிட்டது. குளக்கரையில் நிற்கும் செடி மட்டுமே இந்த வருடத்துத் தத்தியோடும் இந்த வருடத்து வைரசோடும் உரசிக்கொண்டிருக்கிறது.

வத்தளைக்குத் திரும்புகிறேன். நோய்க்குறி தெரிந்த ஏழு செடிகளையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்று சொன்னபோது பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. இந்த வைரசு மனிதரைத் தொற்றாது, கிழங்கை அவித்துக் கட்டைச் சம்பலோடு தாராளமாகச் சாப்பிடலாம், கிழங்கின் பருமன்தான் குறையும் என்பதையும் சொன்னேன். கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மிக மோசமாக முறுகிய நான்கை அன்றே பிடுங்கினோம். மற்ற மூன்றும் கிழங்குக்காக நிற்கும், ஆனால் அவற்றின் தடியை யாருக்கும் கொடுப்பதில்லை. நோய்க்குறி இல்லாத நான்கின் தண்டுகளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். அறுவடைவரை அவை அப்படியே நின்றால் அடுத்த நடுகைக்கு அந்தத் தடிகளைத்தான் வெட்டுவோம். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அவற்றிலிருந்தே கொடுப்போம். பிடுங்கிய இடங்களில் இப்போது வெண்டி முளைத்திருக்கிறது.

அந்த மாணவியை வகுப்பின் முன்னால் நிறுத்தி, அவளுடைய கேள்வியால்தான் பாடம் திருந்தியது என்று சொல்லி, பழைய குறிப்பில் நான் எழுதிக்கொடுத்த வரியை எல்லோரையும் வெட்டச் சொன்னேன். முந்தைய வருடங்களில் படித்துவிட்டுப் போனவர்களில் தொலைபேசி இலக்கம் இருக்கும் சிலருக்கும் செய்தி அனுப்பினேன். நேற்று ஞாயிறு. நூல் கட்டிய நான்கில் ஒன்றின் உச்சியில், புதிதாக விரிந்த மூன்றாவது இலையின் ஒரு மடலில், நகக்கண் அளவுக்கு வெளிர்மஞ்சள் தெரிந்தது. நூலை அவிழ்த்துவிட்டு, திகதியைக் கொப்பியில் எழுதிவைத்தேன்.